சாலைத் தெருச் சிந்தனை: மூத்த கலைஞருக்குப் புதிய மவுத்பீஸ்



கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீண்டு செல்லும் நம் சாலைக் கடைவீதியில் வெண்கலப் பாத்திரம் வாங்க வரும் தாய்மார்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் எத்துணைப் புகழ்ந்துரைத்தாலும், பாத்திரத்தைக் கையில் எடுத்து, விரலால் ஒருமுறை தட்டி, அதன் ஒலியைக் காதால் கேட்ட பின்னரே விலை பேசத் தொடங்குவார்கள். ஒரு குடத்துக்கே இவ்வளவு பரிசோதனை செய்யும் நாம், ஓர் இசைக் கலைஞர் நாள்தோறும் உதட்டில் வைத்து ஊதும் பொருளை மட்டும் விலைப்பட்டியலைப் பார்த்தே வாங்கி விடுகிறோம். இம்மாதச் சிந்தனை அதைப் பற்றியதே.

சாலையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் வாழ்கிறார். நாஞ்சில் நாட்டிலிருந்து இளமையில் இங்கு வந்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பகலில் கணக்கு எழுதிப் பிழைத்தார். மாலையில் கிளாரினெட் ஊதி வாழ்ந்தார் என்று சொன்னால் அவரைப் பற்றி முழுவதும் சொன்னதாகும். பரதநாட்டிய அரங்கேற்றங்களில் பாடகரின் குரலை நிழல்போல் தொடர்ந்து வாசிப்பதில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைப்போம்.

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும்போது, அண்ணாச்சி தம் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார் என்னும் செய்தி என் காதுக்கு எட்டியது. நாட்டிய ஆசிரியைக்கும், “வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளம்மா” என்று சொல்லி அனுப்பி விட்டாராம். நேரில் சென்று விசாரித்தேன்.

“தம்பி, கருவியில் ஒரு குற்றமும் இல்லை. ஊதுகிறவனுக்குத்தான் வயதாகிவிட்டது. மகன் வளைகுடாவிலிருந்து உயர்ந்த மவுத்பீஸ் வாங்கி அனுப்பியிருக்கிறான். அதிலேகூடக் கால்மணி நேரத்துக்கு மேல் என்னால் ஊத முடியவில்லை. அவ்வளவு பணம் போட்ட பொருளிலேயே ஒலி எழவில்லை என்றால், பிறகு என்ன இருக்கிறது?” என்றார்.

அந்தச் சொற்கள் என்னைப் பெரிதும் வருத்தின. தந்தையிடம் பேரன்பு கொண்ட மகன் அனுப்பிய பரிசே, அத்தந்தை தம் கலையைக் கைவிடுவதற்குக் காரணமாகி நின்றது! பிழை மகனுடையது அன்று, தந்தையுடையதும் அன்று. பொருளைத் தேர்ந்த முறைதான் பிழை. நம் குடும்பங்களில் பிள்ளைகள் பலரும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். மூத்தோருக்குப் பரிசு அனுப்புகிறார்கள். ஆகவே, இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கிளாரினெட் நம் நாட்டில் பிறந்த கருவி அன்று. ஜெர்மனியில் நூரெம்பர்க் நகரத்துக் கருவி வினைஞராகிய டென்னர் என்பவர் 1700ஆம் ஆண்டை ஒட்டி இதற்கு உருவம் கொடுத்தார். பிறநாட்டுக் கருவியை நம் இசைக்குப் பழக்கிக் கொள்வது நம்மவர்க்குப் புதிதும் அன்று. இத்திருவனந்தபுரத்தில்தான், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு 1834ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மன்னர் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்துச் சிறப்பித்தார். வயலின் நம் கச்சேரி மேடையில் நிலைபெற்றதைப் போலவே, 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட்டும் சின்ன மேளத்தில் முகவீணையின் இடத்தைப் பெற்று, நாட்டியத்துக்கு உற்ற துணையாயிற்று. அதைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர்களுள் தலைசிறந்தவர் திருச்சி ஏ. கே. சி. நடராஜன். நாகசுரமும் பயின்ற அவர் 1931இல் பிறந்தவர். 2008ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதும், 2022ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். முன்னதைப் பெற்றபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. வயது ஏறிவிட்டது என்பதனாலேயே கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமோ?

நிற்க. மவுத்பீஸ் என்பது யாது? நாகசுரத்துக்குச் சீவாளி எப்படியோ, கிளாரினெட்டுக்கு மவுத்பீசும் ரீடும் சேர்ந்து அப்படி. நாகசுரச் சீவாளியில் இரண்டு தட்டைகள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. கிளாரினெட்டிலோ நாணல் ரீடு ஒன்றுதான் உண்டு. அது மவுத்பீசின் தட்டையான முகத்தின்மேல் பிணைக்கப்பட்டு, அதன் நுனியோடு மோதி அதிர்கிறது. அம்முகம் நுனியை நெருங்கும்போது ரீடை விட்டு மெல்ல மெல்ல வளைந்து விலகும். இந்த வளைவின் நீளமும், நுனியில் ரீடுக்கும் மவுத்பீசுக்கும் இடையே உள்ள திறப்பின் அளவுமே வாசிப்பவரின் உழைப்பைத் தீர்மானிக்கின்றன. இத்திறப்பு பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் 1.2 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால், உதடும் மூச்சும் அதை உடனே அறிந்துகொள்ளும்.

உலகெங்கும் விற்பனையாகும் பாரிஸ் நகரத்து வாண்டோரன் கம்பெனியின் மவுத்பீசுகளையே எடுத்துக்கொள்வோம். 5ஆர்வி லயர் என்னும் வகையின் திறப்பு ஏறத்தாழ 1.10 மில்லிமீட்டர், எம்30 வகைக்கு ஏறத்தாழ 1.15; பி45 வகைக்கு ஏறத்தாழ 1.20. மூன்றும் நல்லவையே. ஆனால், அவை மூன்று வேறு மனிதர்களுக்கு உரியவை. திறப்பு அகன்றதாயின் மெல்லிய ரீடு வேண்டும். திறப்பு குறுகியதாயின் சற்றுக் கடினமான ரீடு ஏற்கும். அகன்ற திறப்பின்மேல் கடினமான ரீடையும் பூட்டினால், இளைஞனுக்கே மூச்சு முட்டும். அண்ணாச்சிக்கு மகன் அனுப்பியது அகன்ற திறப்புடையது. அதன்மேல் அவர் தம் பழைய வழக்கப்படி மூன்றாம் எண் ரீடையே கட்டியிருந்தார். இதில் வயதின் மேல் பழி போடுவது எங்ஙனம் பொருந்தும்?

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் மிகக் குறுகிய திறப்பை வாங்கிக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததன்றோ? மேனாட்டு இசைக்கு அது ஓரளவு பொருந்தலாம். நம் இசைக்கு அத்துணை எளிதாகப் பொருந்தாது. தோடியின் காந்தாரத்தை நினைத்துப் பாருங்கள். அந்தச் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைந்து அசைந்தே தன் உருவைக் காட்டுகிறது. அந்த அசைவில் ஒரு பகுதியை விரலும், மற்றொரு பகுதியை உதடும் செய்கின்றன. குறுகிய திறப்பு சுரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். உதட்டின் சொற்படி அது வளையாது. அகன்ற திறப்பு தாராளமாக வளைந்து கொடுக்கும். ஆனால், அதற்கு விலையாக உதட்டு வலிமையைக் கேட்கும். கமகமா, களைப்பின்மையா? மூத்த கலைஞருக்கு மவுத்பீஸ் தேர்வதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். இளமையில் இரண்டையும் பெறலாம். முதுமையிலோ இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதுமை என்ன செய்கிறது என்பதையும் மறைக்காமற் பேசுவோம். மூச்சின் கொள்ளளவு படிப்படியாகக் குறைகிறது. வாயின் ஓரங்களில் உள்ள தசைகள் விரைவில் சோர்கின்றன. மேல்வரிசை முன்பற்கள் மவுத்பீசின் மேற்புறத்தில் ஊன்றி நிற்பவை. அவை ஆடினாலும், அங்கே பல்செட்டு வந்தாலும், பிடிப்பே மாறிவிடுகிறது. கருவியின் பாரம் முழுவதும் வலக்கைக் கட்டைவிரலின்மேல் தங்குவதால் மூட்டு வலி உடையவர்க்கு அதுவே பெருந்துன்பம். செவியிலோ உச்ச அதிர்வுகள் முதலில் மங்குகின்றன; அதனால் நல்ல நாதமும் அவருக்கு மட்டும் மந்தமாகக் கேட்கக்கூடும்.

ஆகவே, புதிய மவுத்பீசைத் தேடப் புறப்படுவதற்குமுன் பழைய கருவியை ஒருமுறை சோதித்துவிடுவது அறிவுடைமை. மேற்பகுதியைத் தனியே கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்து, மேல்வாய் வழியாகக் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். இழுத்த பிடிப்புச் சில நொடி நிலைத்தால் நன்று. உடனே விட்டுப்போனால் எங்கோ பேட் கசிகிறது. கசியும் கருவியை ஊதுவது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதை ஒக்கும். எந்த மவுத்பீசும் அதைச் சரிசெய்யாது. அடுத்து, பழைய மவுத்பீசில் நனைந்த ரீடைக் கட்டி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சி வாயை எடுங்கள். ரீடு ஒரு கணம் ஒட்டியிருந்து, பின் ‘பட்’டென்று விடுபட்டால் முகம் ஒழுங்காக இருக்கிறது. ஒட்டவே இல்லையென்றால், வேறொரு புதிய ரீடிலும் சோதியுங்கள். அதிலும் ஒட்டாவிட்டால் மவுத்பீசின் முகம் தேய்ந்தோ கோணியோ இருக்கலாம். நுனி விளிம்பில் சிறு பிளவு இருந்தாலும் அதன் காலம் முடிந்தது என்றே கொள்க.

அண்ணாச்சியின் கருவியில் இரண்டு பேட்கள் கசிந்தன. அவற்றை மாற்றியதுமே பாதி மூச்சு மீண்டு வந்தது போலிருந்தது. அவருடைய பழைய மவுத்பீசின் நுனி மட்டும் உண்மையிலேயே தேய்ந்து போயிருந்தது. ஆகவே புதியது வேண்டும் என்பது உறுதியாயிற்று.

பின்னர் நாங்கள் கைக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன், பிறருக்கும் பயன்படும். மூன்று வேறு திறப்புள்ள மவுத்பீசுகளைப் பழக்கமான கலைஞர்களிடமிருந்து இரவலாகப் பெற்றோம். வாயில் வைத்த பொருளைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப வாங்கமாட்டார் ஆதலால், விலைக்கு வாங்குவதற்குமுன் இரவலில் சோதிப்பதே சிக்கனம். ஒவ்வொன்றையும் வெந்நீரில் அன்றி, குளிர்ந்த நீரிலும் சிறிது சோப்பிலும் கழுவிக்கொண்டோம். எபொனைட் என்னும் கடின ரப்பருக்குக் கொதிநீர் ஆகாது. நிறம் கெடும், வடிவமும் கோணும். கருவி, பேரல், ரீடைப் பிணைக்கும் வளையம் ஆகிய எதையும் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்பது தெரியாமற் போய்விடும். ரீடு மட்டும், மவுத்பீஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, இரண்டரை, மூன்று என்னும் எண்களில் சோதிக்கப்பட்டது. ஏனெனில் மவுத்பீசும் ரீடும் கணவனும் மனைவியும் போன்றவை. தனித்தனியே மதிப்பிட முடியாதவை.

ஊதிப் பார்த்தவை ஐந்து. முதலாவது, கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை மிக மெல்லத் தொடங்கி மெல்லவே முடிப்பது. ஒலி எழுமுன் காற்று மட்டும் சீறக் கூடாது. இரண்டாவது, கீழ்ப்பகுதியிலிருந்து மேற்பகுதிக்குத் தாண்டும் இடத்தில் நாதம் முறியாமல் ஏறுவது. மூன்றாவது, தோடியின் காந்தாரத்தையும் சஹானாவின் காந்தாரத்தையும் வாசித்து, உதடு சொன்னபடி சுரம் கேட்கிறதா என்று பார்ப்பது. நான்காவது, சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஷட்ஜமும் பஞ்சமமும் பிசகாமல் நிற்கின்றனவா என்று காண்பது. ஐந்தாவதுதான் முக்கியமானது: இவை எல்லாவற்றையும் அரைமணி நேரம் வாசித்த பிறகு மறுபடியும் செய்வது. முதல் ஐந்து நிமிடத்தில் எல்லா மவுத்பீசும் நல்லவையே. இருபத்தைந்தாவது நிமிடத்தில்தான் அவற்றின் உண்மை வெளிப்படும்.

சுருதி பற்றி ஒரு சொல். வாண்டோரனில் 13 என்னும் எண் தாங்கிய வரிசை 440 என்னும் சுருதி அளவுக்கும், மரபான வரிசை 442க்கும் ஏற்றவாறு அமைக்கப்படுகின்றன. வேறுபாடு மிகச் சிறிது. எனினும், பேரலைச் சற்று வெளியே இழுத்துச் சுருதியைத் தாழ்த்த இயலும். முழுவதும் உள்ளே தள்ளியபின் மேலும் உயர்த்த இயலாது. ஏற்கெனவே தாழ்ந்து ஒலிக்கும் கருவிக்கு 13 வரிசையை வாங்குவது கூடாது என்பதை மறவாதீர்.

மற்றொன்று. முதியவர் தாமே நீதிபதியாக இருக்கலாகாது. பிள்ளைகளும் நீதிபதிகளாக இருக்கலாகாது. வாசிப்பவரின் காதுக்குப் பற்களின் வழியாகவும் எலும்பின் வழியாகவும் ஒலி சேர்வதால், எதிரே இருப்பவர் கேட்கும் நாதமும் அவர் கேட்கும் நாதமும் ஒன்றல்ல. உச்ச ஒலி மங்கிய செவியுடையவர் ‘பளிச்’சென்று இருக்கிறது என்று தேர்ந்தெடுப்பது, கேட்போர் காதைக் கீறலாம். எனவே நாட்டிய ஆசிரியை பதினைந்து அடி தூரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு அமர்ந்து, எது எந்த மவுத்பீஸ் என்று அறியாமலே தம் கருத்தைக் கூறினார். வாசிக்க எளியது எது என்பதை அண்ணாச்சி சொன்னார். கேட்க இனியது எது என்பதை அம்மையார் சொன்னார். இரண்டு பட்டியலிலும் எது நடுவிடத்துக்குக் குறையாமல் நின்றதோ, அதையே கொண்டோம்.

அது மூன்றில் நடுத்தரமான திறப்புடையது. அதோடு இரண்டரை எண் ரீடு பொருந்தியது. மவுத்பீசின் மேல் பற்கள் ஊன்றும் இடத்தில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று ஒட்டினோம். பல்லின் அதிர்ச்சி தணிந்தது. கருவியைக் கழுத்தில் தாங்கும் வார் ஒன்றும் வாங்கினோம், கட்டைவிரல் ஓய்ந்தது. இவ்விரண்டின் விலையும் மவுத்பீசின் விலைக்கு முன் அற்பம். ஆனால், நன்மையில் அவை சளைக்கவில்லை.

இழப்பே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். முன்பு சுவாமி புறப்பாட்டில் தெருக்கோடி வரை கேட்ட அவருடைய நாதம் இப்போது அத்துணைத் தூரம் செல்வதில்லை. மேல் ஸ்தாயியில் பழைய வீறும் இல்லை. “இது நான் வாசித்த தோடி இல்லை, தம்பி” என்று முதல் வாரத்தில் சற்றுக் கசப்போடு சொன்னார். நான் மறுக்கவில்லை. இருபது நாள் கழித்து அவரே, “இதுவும் தோடிதான், கொஞ்சம் நிதானமான தோடி” என்றார். ஊர்வலங்களுக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். நாட்டியத்துக்கு மட்டும் வாசிப்பதென்று முடிவு செய்தார்.

நவராத்திரி வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பத்மநாபபுரம் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் இந்நகருக்கு எழுந்தருளும் நாட்களன்றோ அவை! அந்நாட்களுள் ஒன்றில் சிறுமி ஒருத்தியின் அரங்கேற்றம் நடந்தது. வர்ணம் ஒன்று மட்டுமே முக்கால்மணி நேரம் சென்றது. பாடகியின் குரல் தாழ்ந்த இடத்தில் கிளாரினெட்டும் தாழ்ந்தது. குரல் மூச்சு வாங்கிய இடத்தில் அது தாங்கி நின்றது. இடைவேளையில் அண்ணாச்சியின் மகன் தொலைபேசியில் அழைத்து, “அப்பா, நான் அனுப்பியதிலா வாசிக்கிறீர்கள்?” என்று கேட்டான். அவர் சிறிதும் தயங்காமல், “இல்லையப்பா, உன்னுடையது எனக்குப் பெரிது, உன் மகன் ஊதக் கற்றுக்கொள்ளும்போது அவனுக்கு ஆகும் என்று வைத்திருக்கிறேன்” என்றார். மகன் மனம் நோகவில்லை என்று பிறகு அறிந்தேன்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளே! மூத்தோருக்குப் பரிசு அனுப்பும்போது, சந்தையில் எது உயர்ந்தது என்று கேளாதீர்கள். அவர்களுடைய மூச்சும் பல்லும் விரலும் இன்று எதை ஏற்கும் என்று கேளுங்கள். அதை அவர்களிடமே கேளுங்கள். பணத்தை மட்டும் அனுப்பி, தேர்வை அவர்களுக்கும் அவர்களை அறிந்த ஒரு நல்ல செவிக்கும் விட்டுவிடுங்கள். மூத்த கலைஞர்களே! கருவி கனக்கிறது என்று தோன்றும் நாளில் பெட்டியை மூடுவதற்குமுன் பேடையும் ரீடையும் மவுத்பீசையும் வரிசையாகச் சோதியுங்கள். வயதின்மேல் குற்றம் சுமத்துவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.